அடைத்த மிளகாயில் இருந்து சீஸ் எல்லாம் வழிந்து தட்டுக்குப் போகிறது: சனிக்கிழமைக்குள் உதவி தேவை

பச்சைக்காம்பு

வணக்கம். சனிக்கிழமை மாலை வீட்டில் இருபது பேர் கூடுகிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க, சீஸ் அடைத்து ஓவனில் சுட்ட ஹலபீனோ (தடித்த பச்சை) மிளகாய் செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நேற்று ஒத்திகை பார்த்ததில் மானம் போகாத குறை.

12 மிளகாய் எடுத்தேன். காம்போடு தலையை வெட்டி, சிறு கத்தியால் குடைந்து விதையை உதிர்த்தேன். கிரீம் சீஸ், மொசரெல்லா, பூண்டு, உப்பு கலந்து வாய்வரை திணித்தேன். தட்டில் படுக்க வைத்து 170 டிகிரியில் 35 நிமிடம் சுட்டேன். பாதி நேரத்திலேயே சீஸ் நுரைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கடைசியில் தட்டு நிறையக் கருகிய சீஸ், மிளகாய்க்குள் தண்ணீர். தோலும் துவண்டு தொங்கியது.

காரமும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று குடைமிளகாய் போல இருந்தது, அடுத்தது கண்ணீர் வரவைத்தது. எங்கே தப்பு செய்தேன்? இன்னொன்று, நேற்று இரவிலிருந்து விரல் எரிகிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

கரண்டி64

முதலில் சில கேள்விகள். கிரீம் சீஸ் கட்டியாக வருவதா, டப்பாவில் வரும் தடவுகிற வகையா? கொழுப்பு குறைத்ததா? மொசரெல்லா தண்ணீரில் மிதக்கும் உருண்டையா? ஓவனை முன்னாலேயே சூடாக்கினீர்களா?

பச்சைக்காம்பு

டப்பாவில் வருவதுதான், கொழுப்பு குறைத்தது. மொசரெல்லாவும் தண்ணீரில் மிதக்கும் உருண்டைதான். ஓவனைப் போட்ட உடனே தட்டையும் உள்ளே தள்ளிவிட்டேன். கேட்கும்போதே விடை புரிகிற மாதிரி இருக்கிறது.

கரண்டி64

சரி, சீஸை மட்டும் திட்ட வேண்டாம். பாதிக் குற்றம் மிளகாயுடையது.

பச்சை மிளகாயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஓவனில் அது ஆவியாகும். நீங்கள் முழு மிளகாயை ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஆவிக்கு இருக்கிற ஒரே வழி அந்த வாய். அதை அடைத்துக்கொண்டு இளகிய சீஸ் இருக்கிறது. ஆவி அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். முழுதாக வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் இருபது பேருக்குச் செய்யும்போது அந்த அழகு வேண்டாம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து படகு போல வையுங்கள். ஆவி மேல்பக்கமாகத் தானே போய்விடும். காம்பையும் சேர்த்துப் பிளந்தால் அடைப்பு அந்தப் பக்கம் ஒழுகாது, பிடித்துச் சாப்பிடவும் வசதி.

அடுத்தது அடைப்பு. கொழுப்பு குறைத்த கிரீம் சீஸில் தண்ணீர் கூடுதல், சூட்டில் இளகி ஓடிவிடும். முழுக் கொழுப்புள்ள கட்டி வாங்குங்கள். ஈர மொசரெல்லாவுக்குப் பதில் செடார் துருவிப் போடுங்கள், ஆனால் ரொம்ப நாள் பதப்படுத்திய செடார் வேண்டாம், அது எண்ணெய் கக்கும். கலவையில் இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித் தூள் சேர்த்தால் கசிகிற ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அடைத்த பிறகு அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த அடைப்பு மெதுவாக இளகும், அதற்குள் மேல்புறம் கட்டிப்பட்டுவிடும்.

மூன்றாவது சூடு. 170 டிகிரியில் 35 நிமிடம் என்றால் மிளகாய் வேகும், சிவக்காது. முன்சூடு இல்லாததால் முதல் பத்து நிமிடம் ஊறத்தான் செய்திருக்கும். 200 டிகிரி வரை சூடாக்கிவிட்டு, 20 நிமிடம் சுட்டால் போதும். உங்கள் ஓவனில் விசிறி ஓடினால் 180 வையுங்கள்.

நள்ளிரவு_அடுப்பு

விரல் எரிவதற்கு: காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், கொழுப்பில் கரையும். அதனால் முதலில் சமையல் எண்ணெயைக் கையில் நன்றாகத் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சனிக்கிழமை கையுறை போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் அன்றைக்குக் கண் பக்கமே கை போகக் கூடாது.

காரம் ஏன் மாறுகிறது என்றால், ஹலபீனோ, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை போகும். ஒரே செடியில் காய்த்தவற்றில்கூடக் காரம் மாறும். நீங்கள் விதையை உதிர்த்தீர்கள், ஆனால் காரம் உருவாகிற இடம் விதை இல்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசைதான். விதை அதன்மேல் உரசிக் காரமாகிறது, அவ்வளவுதான். குடைந்தபோது அந்த வெள்ளை சிலவற்றில் போயிருக்கும், சிலவற்றில் தங்கியிருக்கும். பிளந்துவிட்டால் சின்னக் கரண்டியால் ஒரே இழுப்பில் சுரண்டிவிடலாம்.

தோலில் பழுப்பாக மெல்லிய கீறல்கள் ஓடுகிற மிளகாய் முற்றியது, பெரும்பாலும் காரமும் கூட. நிச்சயம் என்று சொல்ல முடியாது. நுனியைக் கடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காரம் காம்புப் பக்கம்தான் அதிகம். காரம் வேண்டாம் என்பவர்களுக்கு அதே அடைப்பை வைத்துக் குட்டிக் குடைமிளகாய் பத்து செய்யுங்கள், ஆனால் தனித் தட்டில் வையுங்கள்.

மாவுக்கை

கரண்டி64 சொல்லாமல் விட்ட ஒன்று: பிளந்த மிளகாயை வெறுமையாகவே, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து 200 டிகிரியில் 8 நிமிடம் சுடுங்கள். தண்ணீர் தட்டில் இறங்கிவிடும். துடைத்து, ஆறவிட்டு, பிறகு அடைத்து இன்னொரு 12 நிமிடம். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன், ஒருமுறைகூட ஒழுகியதில்லை.

காரம்போதாது

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு முறை சுட்ட மிளகாய் ஊறுகாய் மாதிரி துவண்டுவிடும். மிளகாயில் கடி இருக்க வேண்டும். பச்சையாகவே அடைத்து, 220 டிகிரியில் 15 நிமிடம், கம்பித் தட்டின் மேல். அடியில் காற்றுப் போனால் ஈரம் தானாகவே காயும்.

மாவுக்கை

கடி இருக்கும், கூடவே ஒரு கரண்டித் தண்ணீரும் இருக்கும். பச்சைக்காம்பு இரண்டையும் செய்து பார்க்கட்டும்.

பச்சைக்காம்பு

பார்த்தேன்! இன்று ஆறு அப்படி, ஆறு இப்படி. மாவுக்கை முறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் எடுக்கும்போது நடுவில் மடிந்தது. காரம்போதாது முறையில் கடி அருமை, மிளகாயின் குழிக்குள் அடியில் மட்டும் லேசாக ஈரம். வீட்டில் ஓட்டு சரிபாதி. வெறும் மிளகாயை 8 நிமிடத்துக்குப் பதில் 4 நிமிடம் மட்டும் சுட்டுப் பார்த்தேன், அதுதான் நிற்கிறது. இரண்டு பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அளவு. ஆளுக்கு மூன்று பாதி என்றால் 60 பாதி, 30 மிளகாய். 450 கிராம் கிரீம் சீஸ், 200 கிராம் செடார் போதுமா? முந்தின நாளே அடைத்து வைக்கலாமா?

கரண்டி64

போதும். ஒரு பாதிக்கு இரண்டு தேக்கரண்டி வரும், விளிம்போடு மட்டமாக வையுங்கள். குவித்தால் வழியும், அப்புறம் இந்த இழையை முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை இரவே அடைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மேலேயும் ரொட்டித் தூள் தூவுவதானால் அதை மட்டும் சுடுவதற்குச் சற்று முன் உருக்கிய வெண்ணெயில் பிசறிப் போடுங்கள், இரவிலேயே போட்டால் நமுத்துவிடும். நேராக ஃபிரிட்ஜிலிருந்து போவதால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். அறுபதையும் ஒரே நேரத்தில் சுடாதீர்கள், ஓவனில் நெருக்கமாக அடுக்கினால் ஆவி தங்கிவிடும். இரண்டு தடவையாகச் சுட்டால் இரண்டாவது வாய்க்கும் சூடாகக் கிடைக்கும். வெளியில் எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன சீஸ் பண்டத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

நள்ளிரவு_அடுப்பு

எடுத்ததும் பரிமாறாமல் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சீஸ் இறுகும், நாக்கும் தப்பிக்கும். காரம் தாங்காதவர்களுக்குத் தண்ணீர் நீட்டாமல் பால் அல்லது தயிர் கொடுங்கள்.

பச்சைக்காம்பு

சனி இரவு 11 மணி. முதல் தட்டு மேசைக்கு வந்ததும் காலி, இரண்டாவது தட்டில் எனக்கு ஒன்றுதான் கிடைத்தது. ஒழுகல் இல்லை. குடைமிளகாய்த் தட்டைத்தான் பெரியவர்கள் முதலில் முடித்தார்கள், எல்லோரும் "குழந்தைகளுக்காக எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு.

கையுறை போட்டிருந்தேன், நள்ளிரவு_அடுப்பு. போட்ட கையோடு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டேன். மூக்கின் மேல் எண்ணெய் தேய்க்கலாமா?