மறு: ‘பிரிஸ்க்’: தேநீர்ச் சுவைத்தாளுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

செ., குன்னூர்:

குழுவினருக்கு வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அக்கம்பக்கத்தார், என் வகுப்புப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர் என்று பத்துப் பேர் கூடித் தேநீரைச் சுவைத்துப் பார்க்கப்போகிறோம். நாலு கோப்பை: நீலகிரி இலைத்தேயிலை, இங்கேயே செய்த சிடிசி டஸ்ட் (இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய தூள்), அஸ்ஸாம், டார்ஜிலிங். தேயிலை மலையிலேயே வளர்ந்தவர்களில் பாதிப்பேர் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு மிடறு குடித்ததில்லை. அதுதான் காரணம்.

செய்முறை எழுதியாயிற்று. சுவைத்துப் பார்க்கத் தேநீர் போடுவதற்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 3103 சொல்கிறபடி 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். கரண்டிக் கணக்கு உதவாது. ஒரு கரண்டி டஸ்ட் கனக்கும், ஒரு கரண்டி இலையில் பாதி காற்றுத்தான். அதனால் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டேன். ஒரே அளவில் வெள்ளைக் கோப்பைகள், மூட ஒரு தட்டு, அடியில் எண் மட்டும்.

இடிப்பது தாளில்தான். உலர் இலை, ஊறிய இலை சரி. இரண்டுக்கும் நடுவே, ஊறி இறங்கிய தேநீருக்குத் தேயிலைத் தொழிலில் சொல்கிறபடி ‘லிக்கர்’ என்று எழுதினால் ஒருத்தரும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். சுவைக் கட்டத்தில், நல்ல தேநீரைப் பற்றிச் சுவைப்பவர்கள் சொல்கிற ‘பிரிஸ்க்’ (brisk) என்பதற்கு என்ன எழுதுவது? வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

கு., சென்னை:

லிக்கருக்கு ‘வடிநீர்’. கதை முடிந்தது. பிரிஸ்க்குக்கு அகராதி ‘சுறுசுறுப்பு’ என்கிறது. தேநீர் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எழுதினால், காலையில் எழுந்து வாசல் தெளித்ததா என்று கேட்பார்கள். ‘துவர்ப்பு’ போதாதா? அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

மு., தஞ்சாவூர்:

வடிநீர் என்பது சல்லடைக்குக் கீழே விழுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும், சாக்கடைக்கும் சேர்த்து. நம்மிடம் பொன் போன்ற சொல் இருக்கிறது: தேறல். தெளிந்தது தேறல். புறநானூறு 56இல் நக்கீரர் “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்கிறார். நிறம், தெளிவு, மணம் மூன்றையும் பார்க்கிற கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

இன்னொன்று. தாளில் ‘தேனீர்’ என்று போட்டுவிட வேண்டாம், ‘தேநீர்’ என்றே எழுதுக. தேன் என்பதன்முன் மெல்லினம் வந்தால் ஈறு அழியலாம் என்பது நன்னூல். தேன் + மொழி தேமொழி ஆவதுபோலத் தேன் + நீரும் தேநீர் ஆகும்.

கு., சென்னை:

ஐயா, நக்கீரர் சொன்னது மது! லிக்கர் என்றால் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்பதுதானே டீச்சரின் கவலை. சாராய வாடையடிக்கிற ஆங்கிலச் சொல்லைத் தூக்கிவிட்டுக் கள்ளுக்கான சங்கச் சொல்லை வைக்கிறோம்.

நா., பினாங்கு:

தேனுக்கும் தேநீருக்கும் ஒரு ஒட்டும் இல்லை, ஐயா. ‘தே’ ஹொக்கியன் சீனர் பேச்சு. கடல்வழி போன இடமெல்லாம் தே, தரைவழி போன இடமெல்லாம் பெரும்பாலும் சா, சாய். இங்கே கடையில் பாலில்லாத தேநீருக்கு ‘தே ஓ’ என்போம். அந்த ‘ஓ’வும் ஹொக்கியன்தான், கறுப்பு என்று பொருள். சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. கோசோங் மலாய்ச் சொல், வெறுமை. மூன்று சொல்லில் இரண்டு மொழி, கேட்கிறவர் தமிழர். யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

ர., ஹட்டன்:

எங்கள் பக்கம் இதற்குச் சொல் இருக்கிறதே. சாயம். “சாயம் கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி” என்றால் கடைக்காரருக்கு விளங்கும். கோப்பையில் முதலில் பார்ப்பதும் நிறத்தைத்தான். செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கவேண்டும், மங்கினால் குறை. சாயம் என்றே எழுதுங்கள்.

துவர்ப்பும் பிரிஸ்க்கும் ஒன்றில்லை. நான் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்த காலத்தில் டீ மேக்கர் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்புவார். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். பிரிஸ்க் சட்டென்று எழும்பி வாயைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகும். தேயிலையில் இருக்கிற தியாஃப்ளேவின் என்ற பொருளும் கஃபீனும் கூடிச் செய்கிற வேலை அது. இந்தக் கூட்டு இருக்கிற கடுஞ்சாயம் ஆறினால் பால் கலந்ததுபோல் கலங்கும். டீச்சர், கெட்டுப்போயிற்று என்று யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கு., சென்னை:

நம்பாமல் நேற்று இரவு செய்து பார்த்தேன். புதிதாகப் பிரித்த பொட்டலம் ஒன்று, அலமாரியின் பின்னால் கிளிப் போடாமல் மழைக்காலம் முழுக்கக் கிடந்த அதே தேயிலை ஒன்று. இரண்டும் துவர்த்தன. பழையது துவர்ப்பதோடு சரி, சப்பென்று கிடந்தது. ஆக, துவர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். எதிர்ச்சொல் தெரிந்துவிட்டது: சப்பு. ‘சப்பென்று’ என்பதற்கு எதிர் எதுவோ அதுதான் நமக்கு வேண்டும்.

மு., தஞ்சாவூர்:

தேன் பற்றிய செய்தியை ஏற்கிறேன், ஆனால் நன்னூல் விதியை விடவில்லை. தேறலையும் விடவில்லை. சாயம் சந்தையில் வெளுத்துப்போவது. சாயமே ‘சாயா’வின் உறவாக இருக்கக்கூடுமோ என்றும் ஓர் ஐயம், அதைத் தனியே எழுதுகிறேன்.

சப்புக்கு எதிர்: சுணை. வெண்டைக்காயில், மூங்கிலில் இருக்கிற நுண்மயிர். தேயிலைக் கொழுந்திலும் உண்டு. நாவில் படும் சிறு குத்தல். ‘சூடு சுணை’ என்கிறோமே, உணர்வுள்ள தன்மை. சுணையுள்ள தேநீர்!

ர., ஹட்டன்:

(தயவுசெய்து சாயாவைத் தொடங்காதீர்கள். சாயம் என்றால் நிறம், அவ்வளவுதான்.)

கொழுந்தின் மயிர் உண்மை. ஆனால் அந்த மயிர் அடர்ந்த மொட்டை மட்டும் கிள்ளிச் செய்கிற சில்வர் டிப்ஸ் இருக்கிறதே, அதைவிட மெதுவான தேயிலை கிடையாது. பிரிஸ்க் என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சுணை கூடக் கூடச் சுணை இல்லாமல் போகும். வேறு பாருங்கள், ஐயா.

நா., பினாங்கு:

‘விறுவிறுப்பு’? வெற்றிலைக் காம்பைக் கடித்தால் நாக்கு விறுவிறு என்கிறதே. கதை விறுவிறுப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பொருளும் இங்கே உதவும். அல்லது ‘துடிப்பு’.

மு., தஞ்சாவூர்:

இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையாது. நாளை ‘குறைந்த பிரிஸ்க்’ என்று வந்தால் விறுப்பு என்பீர்களா? கலைச்சொல் கிளைக்கவேண்டும்: சுணை, சுணைமை, சுணையிலி. விறுவிறுப்பு நாவல் அட்டையில் போடுகிற சொல்.

கு., சென்னை:

ஐயா, இது ஒரு பக்கத் தாள். பத்துப் பேர் நின்றபடி பென்சிலால் நிரப்பப்போகிறார்கள். சுணையிலி என்று எழுதினால் ஏதோ செடி நோய் என்று நினைப்பார்கள். குறைந்த பிரிஸ்க்குக்குத்தான் ‘சப்பு’ இருக்கிறதே. ஒரு நிரல் கிளைக்காவிட்டால் கணினிகூட நின்றுவிடாது. (ஒரு துணைச்செய்தி: தேநீர் போடுவதற்கு ஆறு பக்கத்தில் தரம் வகுத்ததற்காகப் பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் (நோபலைக் கிண்டலடிக்கும் விருது) கொடுத்தார்கள். நாம் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறோம் என்று யாராவது எண்ணினால் நல்லது.)

செ., குன்னூர்:

அச்சகத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். சாயம், ஊறிய இலை, விறுவிறுப்பு, சப்பு என்று கொடுத்துவிட்டேன். விறுவிறுப்புக்கு மூன்று பேர், துடிப்புக்கு ஒருவர், சுணைக்கு ஐயா மட்டும். கோபிக்காதீர்கள் ஐயா. வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் பொரியும் வாங்கவேண்டும், மற்றவை அப்புறம்.

மு., தஞ்சாவூர்:

கோபமில்லை, அம்மா. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும்.

செ., குன்னூர் (திங்கள்):

நல்லபடியாக முடிந்தது. உறிஞ்சுகிற சத்தத்துக்குப் பெரியவர்கள் கூச்சப்பட்டார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. ஆறு நிமிடம் ஊறியது பலருக்குக் கடுப்பாக இருந்தது, அடுத்த தடவை நாலோடு நிறுத்திப் பார்க்கலாம் என்று பேச்சு. விறுவிறுப்புக் கட்டத்தைப் பெரும்பாலோர் சும்மா டிக் அடித்துவிட்டார்கள். என் மாமியார் மட்டும் ஒரு கோப்பைக்கு நேரே “நாக்கு முழிச்சுக்கிச்சு” என்று எழுதியிருக்கிறார்.

மு., தஞ்சாவூர்:

விழித்துக்கொண்டது.

ர., ஹட்டன்:

எந்தக் கோப்பைக்கு? டார்ஜிலிங் என்று மட்டும் சொல்லாதீர்கள், டீச்சர்.

செ., குன்னூர்:

இரண்டாம் எண். எங்கள் ஊர் டஸ்ட்.