பொருள்: யூட்ரோபிகேஷனுக்குப் ‘பாசியடைவு’ போதுமா?

அன்புள்ள ஐயா,

நீர்நிலையில் ஊட்டச்சத்து அளவுமீறிச் சேர்வதான யூட்ரோபிகேஷனுக்குத் தமிழ்ச்சொல்லாகத் தாங்கள் முன்வைத்த ‘பாசியடைவு’ கேட்டவுடன் விளங்குகிறது; ஆயினும் அது விளைவுக்குப் பெயரிடுகிறதே ஒழிய நிகழ்வுக்குப் பெயரிடவில்லை. வயலில் இட்ட யூரியா, டிஏபி உரங்களில் பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் வடிநீரோடும் அரித்த மண்ணோடும் கண்மாய்க்குள் இறங்குவதே முதற்படி. பாசி பெருகுவது அதன் பிறகு. அது மடிந்து மட்கும்போது நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, விடியற்காலையில் கெண்டை மேலே வந்து வாய் திறந்து தவிப்பது அதற்கும் பிறகு. தவிர, மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றில் நீரை மூடிக் கிடப்பது பாசியன்று, ஆகாயத்தாமரை.

கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியை 1973இல் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதியே பச்சையானது. மூலகாரணம் ஊட்டச்சத்தே; ஆகவே சொல்லில் ஊட்டம் இருந்தாக வேண்டும்.

‘உரமிகை’ என்னும் பரிந்துரையை ஏற்க இயலாது. சாக்கடையும் இதே பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. நகருக்குள் சிக்கிய கண்மாய்களுக்கு வயல் ஏது? ‘மிகையூட்டம்’ மனித உடல்நலத்துக்குப் போய்விட்டது. இலங்கைப் பாடநூல்களின் ‘நற்போசணையாக்கம்’, ‘நல்ல ஊட்டம்’ என்னும் கிரேக்க மூலத்துக்கு உண்மையானது. ஆனால் மீன் செத்து மிதக்கும் நீருக்கு ‘நல்’ என்று அடைகொடுத்தால், நம் மாணவர்கள் தேர்வில் அதை நன்மைகளின் கீழ்த்தான் எழுதுவார்கள்.

என் பரிந்துரை ‘ஊட்டமிகல்’. வல்லினம் மிகுதலைப் படித்து அல்லற்படாத தமிழர் இல்லையாதலால் வினை எவருக்கும் புதிதன்று. ஏரி நெடுங்காலத்தில் தானாக வளம் கூடுவதை ஊட்டமிகல் என்றும், உரத்தாலும் கழிவாலும் மனிதர் அதைச் சில பத்தாண்டுகளில் நிகழ்த்திவிடுவதை ஊட்டமிகுத்தல் என்றும் தன்வினை பிறவினையாகவே பிரித்துவிடலாம். இதற்கெனத் தனி அடைமொழி தேடவேண்டியதில்லை. ஊட்டமிகு நீர், ஊட்டங்குன்று நீர் என்ற கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

தங்கள் பாசியடைவைக் கைவிடவும் தேவையில்லை. பாசி திடீரெனப் பெருகுவதைக் குறிக்கும் ஆல்கல் ப்ளூம் என்பதற்கு அது நன்றாகவே பொருந்தும். ஊட்டம் இடைத்தரமாக உள்ள நீருக்குத்தான் சொல் அமையவில்லை. ‘ஊட்டமிடை’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தங்களுக்கு ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து