குடும்பக் குழு: பிரபு கேஸ்

மீனா சித்தி: யாராவது இருக்கிறீர்களா? பிரபு மேல் போட்ட கேஸைக் கொலைக் கேஸாக மாற்றிவிட்டார்களாம். அடிபட்ட பையன் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ராஜா மாமா: அய்யோ. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறதா? என்ன பிரிவு?

மீனா சித்தி: முதலில் 115(2), காயப்படுத்தியது என்று இருந்தது. இப்போது 103க்கு ஆல்டர் பண்ணியாச்சு என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்டாம், காவலில் வைப்பார்களாம்.

பெரியப்பா: கொலைக்கு 302 தானே? 103 என்றால் சின்ன கேஸாகத்தான் இருக்கும். பயப்படாதே மீனா.

கார்த்தி: சித்தி, நான் பக்கத்திலேயேதான் நின்றேன். அவன்தான் முதலில் அண்ணன் சட்டையைப் பிடித்தான். அப்புறம் அண்ணன் என்ன பண்ணான்னா

வசந்தி அத்தை: கார்த்தி, நிறுத்து. மேலே ஒரு எழுத்து டைப் பண்ணாதே.

கார்த்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தி அத்தை: நீக்கவும் நீக்காதே! இந்தக் குழுவில் இருபது பேர் போனில் அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாச்சு. குற்றம் செய்தவரைக் காப்பாற்றத் தடயத்தை அழித்தார்கள் என்று வந்தால் 238, அது தனிக் கேஸ். யாரும் எதையும் அழிக்க வேண்டாம். நடந்ததைப் பற்றி இங்கே பேசவும் வேண்டாம்.

கார்த்தி: நம் குடும்பத்துக்குள்தானே அத்தை?

வசந்தி அத்தை: வக்கீலிடம் சொன்னால் அதை வெளியே சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சித்தப்பா பையனிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீ வேறு அங்கே நின்றவன். உன்னைச் சாட்சியாகவும் கூப்பிடலாம், சேர்ந்து செய்ததாக 3(5) சேர்த்து இரண்டாவது குற்றம்சாட்டப்பட்டவனாகவும் போடலாம். போலீஸ் கூப்பிட்டால் முதலில் எனக்கு போன் பண்ணு.

வசந்தி அத்தை: பெரியண்ணா, 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 302தான் இப்போது 103. அதற்கு ஆயுள் அல்லது மரண தண்டனை.

பெரியப்பா: சரிம்மா.

மீனா சித்தி: அப்போ தூக்கா வசந்தி???

வசந்தி அத்தை: இல்லை மீனா. கொஞ்சம் நிதானமாகப் படி. எஃப்.ஐ.ஆரில் இருக்கும் பிரிவு போலீஸ் எழுதியது. ஆள் இறந்ததும் கொலைப் பிரிவு போடுவது சாதாரணம்தான். கடைசியில் எந்தப் பிரிவு நிற்கும் என்பதைக் கோர்ட்தான் சொல்லும். ஒரு சாவு நடந்தால் எல்லாமே 103 ஆகாது. கொல்ல வேண்டும் என்றே செய்ததா, இல்லை இப்படி அடித்தால் செத்துப்போவான் என்று சொல்லும்படியான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினானா, அதுதான் கேள்வி. திட்டமில்லாமல் திடீரென்று வந்த சண்டை, கொடூரமாகவும் நடந்துகொள்ளவில்லை என்றால் 105க்கு இறங்கலாம். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்பார்கள். காயப்படுத்தும் எண்ணம் மட்டும்தான் இருந்தது என்று ஆனால் இன்னும் கீழே போகவும் வழி உண்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கை வரட்டும். எத்தனை காயம், எங்கே, அடியா விழுந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ராஜா மாமா: கோபத்தில் செய்தேன் என்றால் குறையும் என்பார்களே?

வசந்தி அத்தை: கோபம் மட்டும் போதாது மாமா. கடற்படை அதிகாரி நானாவதி கேஸ் ஞாபகம் இருக்கிறதா? 1959. மனைவியின் உறவு தெரிந்த பிறகு கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு அந்த ஆளைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றார். கோபம் ஆற நேரம் இருந்தது என்று சொல்லி, 1961ல் உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்றே வைத்துக்கொண்டது. அதனால் சண்டைக்கும் அடிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது முக்கியம். அதைத்தான் இங்கே எழுத வேண்டாம் என்கிறேன்.

மீனா சித்தி: பிரபு ஸ்டேஷனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டானாம்.

வசந்தி அத்தை: போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது. அவன் சொல்லி ஏதாவது பொருள் கண்டுபிடித்தால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக ஏறும். மாஜிஸ்திரேட் முன்னால் கொடுப்பது வேறு, அது செல்லும். வக்கீலைப் பார்க்காமல் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அவனுக்கு உரிமை உண்டு. கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜர்படுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்று கேட்டு வையுங்கள்.

ராஜா மாமா: ஸ்டேஷன் வாசலில் ஒரு வக்கீல் கார்டு கொடுத்தார். இன்ஸ்பெக்டருக்கு வேண்டியவராம். ஒரே வாரத்தில் ஜாமீன், கேஸ் ஜெயித்தால் மீதி ஃபீஸ் என்கிறார்.

வசந்தி அத்தை: வேண்டவே வேண்டாம். முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. கொலைக் கேஸில் ஒரு வாரத்தில் ஜாமீன் என்று சத்தியம் பண்ணுகிறவரை நான் நம்பமாட்டேன்.

ராஜா மாமா: வேறு யாரைப் பிடிப்பது? நீயே எடுத்துக்கொள்ளேன்.

வசந்தி அத்தை: நான் சிவில் பார்க்கிறவள், அதுவும் சொந்தம். இன்றைக்கு ரிமாண்டுக்கு மட்டும் நான் போய் நிற்கிறேன். கேஸுக்கு செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு நடத்தியவர் வேண்டும். ஜாமீன் வாங்கித் தருகிறவர்கள் நிறைய உண்டு. டாக்டரையும் விசாரணை அதிகாரியையும் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. போய் உட்கார்ந்ததும், வாய்தாவுக்கு நீங்களே வருவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா என்று நேராகக் கேளுங்கள். ஃபீஸ் எந்தக் கட்டம்வரை என்று எழுதி வாங்குங்கள், ஜாமீன் மனு தனி, விசாரணை தனி. கெட்டதையும் சொல்கிற ஆளாக இருந்தால் நல்லது.

மீனா சித்தி: எங்களிடம் அவ்வளவு பணம் ஏது வசந்தி.

வசந்தி அத்தை: காவலில் இருக்கிற யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்திலேயே இருக்கிறது. 15100க்கு போன் பண்ணினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள். இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்காதே. நகையை அவசரப்பட்டு வைக்காதே.

பெரியப்பா: இறந்த பையன் வீட்டுக்கு நானும் ராஜாவும் போய்ப் பேசிவிட்டு வரட்டுமா? துக்கம்தானே.

வசந்தி அத்தை: உங்கள் மனசு புரிகிறது அண்ணா. ஆனால் இப்போது போனால் சாட்சியை மிரட்டினார்கள் என்று ஆகிவிடும், ஜாமீனில் அதுதான் முதல் ஆட்சேபணையாக வரும். இதைச் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமில்லை.

கார்த்தி: அத்தை, எவ்வளவு நாள் உள்ளே வைப்பார்கள்?

வசந்தி அத்தை: தெரியாதுடா. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் அவன் உரிமை. ஆனால் மனு போட்டால்தான் கிடைக்கும். தாக்கல் ஆன பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்தத் தேதியைத் தவறவிடாத வக்கீலாகப் பாருங்கள்.

வசந்தி அத்தை: மீனா, எஃப்.ஐ.ஆர். நகலை எனக்குத் தனியாக அனுப்பு, இங்கே போடாதே. ராஜா மாமா, நாலு மணிக்குக் கோர்ட் வாசலுக்கு வந்துவிடுங்கள், வக்காலத்தில் பிரபுவின் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.

ராஜா மாமா: கிளம்பிவிட்டேன்.