கெண்டக்கிக்கு அடுத்த கோச் யார்? அந்த ஏப்ரல் வாரம் நீங்கள் யாரிடம் மாட்டினீர்கள்?

நீலச்சட்டை, லெக்சிங்டன்:

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் என்பிஏ (தொழில்முறை கூடைப்பந்து லீக்) அணி கிடையாது. இங்கே கூடைப்பந்து என்றால் பல்கலைக்கழக அணிதான், அதன் கோச் நாற்காலி காலியானால் ஆளுநர் தேர்தல்கூட சப்பென்று ஆகிவிடும். 2024 ஏப்ரல் 7, ஞாயிறு இரவு, எங்கள் கோச் ஜான் கலிபாரி ஆர்கன்சா பல்கலைக்கழக அணிக்குப் போகிறார் என்று செய்தி கசிந்தது. வெள்ளிக்கிழமை மார்க் போப்பைப் புதுக் கோச்சாக அறிவித்துவிட்டார்கள். நடுவில் இருந்த நாட்களில் ஊரே சாமி வந்த மாதிரி ஆடியது. உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

என் கதை: திங்கள் மதியம் சூரிய கிரகணம். முழு மறைப்பைப் பார்க்க பாதிப் பேர் இந்தியானா பக்கம் வண்டி ஓட்டிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த நாங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் அட்டைக் கண்ணாடியோடு அண்ணாந்து நிற்கிறோம். பக்கத்தில் கணக்குப் பிரிவு அம்மா, ஓய்வு பெறும் வயது. கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "டான் ஹர்லி வந்துவிடுவார்தானே?" அன்று இரவுதான் ஹர்லி கோச்சாக இருந்த கனெக்டிகட் அணி, பர்டூவோடு தேசிய இறுதி ஆட்டம் ஆடி இரண்டாவது வருடமாகப் பட்டம் வாங்கப்போகிறது. "ஜெயிக்கிற இடத்தை விட்டு அவர் ஏன் வரணும்?" என்றேன். கிரகணம் முடியும்வரை அந்த அம்மா என்னோடு பேசவில்லை. எட்டு முறை தேசியப் பட்டம் வாங்கிய அணியை ஒருத்தர் வேண்டாம் என்று சொல்வார் என்பதே அவர் கணக்கில் இல்லை.

ஜார்ஜ்டவுன்காரன்:

நான் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் லைனில் ஒரு பெரியவர், இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவர். அந்த வாரம் இடைவேளை வந்தாலே போனை எடுத்துவிடுவார். லெக்சிங்டன் விமான நிலையத்திலிருந்து எந்தத் தனியார் விமானம் எங்கே போகிறது என்று பார்க்கிற ஆப். அவர் மட்டுமில்லை, ஊர்பாதி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. டெக்சாஸ் பக்கம் ஒரு விமானம் நகர்ந்தால் போதும், "பெய்லர் கோச் ஸ்காட் டிரூவைக் கூட்டிவரத்தான்" என்பார். அவருடைய முதல் ஆசை வேறு, பில்லி டோனவன். ரிக் பிட்டினோ இங்கே கோச்சாக இருந்தபோது உதவிக் கோச்சாக இருந்தவர், பிறகு ஃபுளோரிடாவுக்கு இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் டோனவன் என்பிஏவில் சிகாகோ புல்ஸ் கோச்சாக இருந்தார், சீசனும் முடியவில்லை.

வியாழக்கிழமை டிரூ பெய்லரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று இரவே போப் பெயர் வந்தது. மறுநாள் பெரியவர் முகத்தைப் பார்க்கணுமே! "கோச்சாக நேஷனல் டோர்னமென்ட்டில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத ஆளை எதுக்குக் கொண்டுவர்றாங்க?" என்று வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. நான் தலையாட்டினேன், வேறென்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை, 14ஆம் தேதி, எங்கள் அணியின் அரங்கான ரப் அரினாவில் போப்பின் அறிமுகக் கூட்டம். ஆட்டமே இல்லை, வெறும் பேச்சு. இருபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கு நிறைந்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் புடைசூழ பஸ்ஸில் வந்து, கெண்டக்கி வாங்கிய 1996 தேசியக் கோப்பையோடு இறங்கினார் மனுஷன். அந்த அணியின் கேப்டன் அவர். எனக்கு முன்னால் வரிசையில் பேரப்பிள்ளைகளோடு யார் நின்றார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் பெரியவரேதான், வெளுத்துப்போன 1996 டீ-ஷர்ட்டில். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ப்ரோவோ மாணவி:

எனக்கு அது எதிர்ப்பக்கத்துக் கதை. போப் கோச்சாக இருந்த பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் படித்தேன். உங்கள் ஊரில் "யார் இவன்" என்று கேட்ட அதே நாள் எங்கள் லேபில் ஒருத்தன் உட்கார்ந்து புலம்பினான். பிக் 12 என்கிற பல்கலைக்கழக லீக்கில் அதுதான் எங்கள் முதல் வருடம், கடைசிக்குப் பக்கத்தில்தான் முடிப்போம் என்று எல்லாரும் கணித்திருந்தார்கள். ஐந்தாவதாக முடித்தோம். கன்சாஸை அவர்கள் அரங்கிலேயே 76-68 என்று அடித்தோம். மூன்று புள்ளி எறிதலை நம்பி, ஐந்து பேரும் பந்தைத் தொடுகிற ஆட்டம். பார்க்கவே அழகு.

ஆனால் ஒன்று சொல்லணும். மார்ச் 21, 2024. அன்றுதான் நேஷனல் டோர்னமென்ட்டில் கலிபாரியின் கெண்டக்கி, 14ஆம் தரவரிசை ஓக்லண்டிடம் 80-76 தோற்றது, ஜாக் கோல்கே என்ற ஒரே பையன் பத்து முறை மூன்று புள்ளி எறிதல் போட்டான். அதே நாளில்தான் போப்பின் அணியும் 11ஆம் தரவரிசை டியூகேனிடம் தோற்றது. ஒரே நாளில் முதல் சுற்றில் வீழ்ந்த இரண்டு கோச்சில் ஒருவரை விட்டு இன்னொருவரைப் பிடித்தீர்கள். உங்கள் பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பென்டன்வில் பாலா:

ஆர்கன்சா பக்கத்திலிருந்து வணக்கம். எங்கள் கோச் மஸ்ஸல்மேன் கலிஃபோர்னியாவுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாசலில் கலிபாரி! அப்பார்ட்மென்ட் ஜிம்மில் ஒரு உள்ளூர்க்காரர் டிரெட்மில்லை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்கு முன் அவரிடம் நான் ஹலோகூடச் சொன்னதில்லை.

டாக்டர் மாமா, லெக்சிங்டன்:

வேடிக்கையெல்லாம் சரி. கலிபாரி மேல் கோபம் வெறும் தோல்வியால் வந்ததில்லை. 15 வருடத்தில் 410 வெற்றி, 2012 பட்டம். 2015இல் 38 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு அரையிறுதியில் விஸ்கான்சினிடம் விழுந்தார்கள். அப்போதும் ஊர் அவரோடுதான் இருந்தது. 2022இல் செயின்ட் பீட்டர்ஸ், 2024இல் ஓக்லண்ட் என்று சின்ன அணிகளிடம் முதல் சுற்றிலேயே தோற்றபோதுதான் பொறுமை போனது. வேலையை விட்டு நீக்கினால் 3.3 கோடி டாலர் கொடுக்கணும் என்ற ஒப்பந்தம் வேறு, எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். கலிபாரி காலத்தில் திறமையான பையன்கள் ஒரே வருடம் ஆடிவிட்டு என்பிஏ போய்விட்டார்கள், பெயர் மனசில் பதிவதற்குள் ஆளில்லை. ஹர்லி வேணும், டிரூ வேணும் என்று சண்டை போட்டவர்கள் எல்லாம் உள்ளுக்குள் தேடியது சட்டையின் முன்னால் இருக்கிற அணிப் பெயருக்காக அழுகிற ஒருத்தரை. போப் கிடைத்ததும் வியூகம், கணக்கு எல்லாம் காற்றில் போய்விட்டது. அந்த அக்டோபரில், 1996இல் போப்புக்குக் கோச்சாக இருந்த பிட்டினோவே ரப் அரினாவுக்குத் திரும்பி வந்தார். பரம எதிரி லூயிவில்லுக்குக் கோச்சாகப் போனவரை எழுந்து நின்று வரவேற்றார்கள் ஜனங்கள்!

எனக்கு இந்தப் பாசம் கொஞ்சம் பயம். முதல் வருடம் போப் ஏறக்குறைய ஒரு அணியையே வெளியிலிருந்து பொறுக்கிச் சேர்த்தார். டியூக்கை ஜெயித்தார், டென்னசியை சீசனில் இரண்டு முறை ஜெயித்தார். மூன்றாவது முறை, நேஷனல் டோர்னமென்ட்டில் கடைசி பதினாறு அணிகள் சுற்றில், 78-65 தோற்றார். நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

பென்டன்வில் பாலா:

மாமா, 2025 பிப்ரவரி 1 பற்றி ஒரு வரிகூட இல்லையே? ரப் அரினாவில் கலிபாரியைக் கூச்சல் போட்டு வரவேற்றீர்கள். நாங்கள் 89-79 ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். கடைசி பதினாறுக்கும் வந்தோம், அதுவும் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸை வெளியேற்றி.

நீலச்சட்டை:

அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிப் போயிருந்தேன் பாலா, ஞாபகப்படுத்தாதே. மாமா, போப்புக்கு எத்தனை வருடம் கொடுக்கலாம் என்கிறீர்கள்?

டாக்டர் மாமா:

நாலு. குறைந்தது.

ஜார்ஜ்டவுன்காரன்:

நாலா? கலிபாரிக்கு முந்தைய கோச் பில்லி கில்லிஸ்பிக்கு இரண்டுதான் கொடுத்தோம். பெரியவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.