பணியார வண்டி: ஒரு பர்னர் மட்டும் மஞ்சள் தீ, பாதியில் கேஸ் மங்குது

கேள்வி: கண்டனூர் வண்டி

காரைக்குடி சுத்துவட்டாரத்துல விசேஷ வீடுகளுக்குப் போற சமையல் வேன். மூணு கேண்டீன் பர்னர், ஒரே ஒரு 19 கிலோ சிலிண்டர், ஹை பிரஷர் ரெகுலேட்டர். ஆடி முழுக்க ஷெட்டுல நின்னுச்சு. ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்தா ரெண்டு கோளாறு.

நடு பர்னர் மட்டும் மஞ்சளா, புகையோட எரியுது. சட்டி அடியில கரி அப்புது. சில நேரம் "பக்"னு சத்தம் வந்து, காத்து வாங்குற வாயிலயே தீ பிடிக்குது. மத்த ரெண்டும் நல்ல நீலம்.

அடுத்தது, மூணையும் முழுசாத் திறந்தா முக்கால் மணி நேரத்துல எல்லாத் தீயும் சேர்ந்து இறங்குது. சிலிண்டர் வேர்த்து, அப்புறம் பனி படியுது. எடை போட்டா மணிக்கு 2 கிலோ இழுக்குது. உள்ள பாதிக்கு மேல கேஸ் இருக்கு. ரெகுலேட்டரை மாத்தணுமா? சுடுதண்ணி ஊத்து, படுக்கப் போடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க.

பதில் 1: தேவகோட்டை அடுப்பு வேலை

அண்ணே, ரெகுலேட்டர் மேல கை வைக்காதீங்க. அது மூணுக்கும் பொது. கோளாறு அதுல இருந்தா மூணுமே மஞ்சளாகணும். ஒண்ணு மட்டும் கெட்டா, அந்த பர்னரோட நாசில் (கேஸ் பீச்சுற பித்தளை முனை), மிக்சிங் டியூப் (கேஸும் காத்தும் கலக்குற குழாய்), தலை இந்த மூணுக்குள்ளதான் விஷயம்.

ஒரு மாசம் சும்மா நின்ன வண்டின்னா முதல்ல குளவிக்கூடு தேடுங்க. மிக்சிங் டியூப் அதுக்கு ஏத்த பொந்து. மண்ணு பாதி வழியை அடைச்சா காத்து குறையும், தீ மஞ்சளாகும். கேஸும் வேகமா மேல ஏற முடியாம நிக்கும். அதனாலதான் தீ பின்னால இறங்கி நாசில்லயே எரியுது. அப்படி எரியுறப்ப உடனே மூடிடுங்க, நாசிலும் வால்வும் வெந்துடும்.

சிலிண்டர் வால்வை மூடி, குழாய்ல மிச்சம் இருக்குற கேஸை எரிய விட்டு, ஆறினதும் பர்னர் தலையைக் கழட்டுங்க. டியூபை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா வட்டம் முழுசாத் தெரியணும். மண்ணு இருந்தா தண்ணி விட்டு ஊற வெச்சு, நீள பாட்டில் பிரஷ்ஷால தள்ளி, நல்லாக் காய வைங்க. நாசிலைத் தனியாக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப் போட்டு காத்து அடிச்சா போதும். கம்பி ஊசி, ட்ரில் பிட் விடவே கூடாது. பித்தளை ஓட்டை கொஞ்சம் அகலமானாலும் கேஸ் கூடிப்போகும், அப்புறம் காத்து வழியைக் கூட்டிக் குறைக்குற ஷட்டரை எப்படி வெச்சாலும் மஞ்சள் போகாது.

மாட்டுறப்ப நாசில் டியூபுக்கு நட்டநடுவா நிக்கணும். கடைசியா எல்லா இணைப்புலயும் சோப்புத்தண்ணி தடவிப் பாருங்க.

பதில் 2: புதுவயல் கேஸ் லைன்

ரெண்டாவது, குளிர்ச்சிக் கோளாறு. சிலிண்டருக்குள்ள இருக்குறது திரவம். ஒரு கிலோ ஆவியாக சுமார் 85 கிலோகலோரி சூடு வேணும். அதைத் தன்கிட்டயும் சுத்தி இருக்குற காத்துக்கிட்டயும்தான் எடுக்கும். நீங்க இழுக்குற வேகத்துக்கு ஒத்தைச் சிலிண்டரோட தகடு சூடு வாங்க முடியல, அழுத்தம் விழுது. இதுல இன்னொண்ணு: புரொப்பேன் −42 டிகிரியிலயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்துலதான். முதல்ல புரொப்பேன் அதிகம் போயிடுறதால சிலிண்டர் பாதியானதும் சிக்கல் கூடும். பனி எந்த மட்டம் வரை படியுதோ, திரவம் அது வரைக்கும் இருக்கு.

எதுக்கும் ஒரு சோதனை: எல்லாத்தையும் மூடி அரைமணி நேரம் விட்டுப் பத்த வைங்க. தீ பழைய உயரத்துக்கு வந்தா சிலிண்டர் குளிர்ச்சிதான். அப்பவும் மங்கலா இருந்தா மட்டும் ரெகுலேட்டர், ஹோஸ் பாருங்க.

தீர்வு ரெண்டு சிலிண்டர், முடிஞ்சா மூணு, பொது மேனிஃபோல்டுல (எல்லா சிலிண்டரையும் ஒண்ணா சேர்க்குற குழாய்). ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு திறந்தா பயனே இல்ல. எல்லா வால்வும் ஒரே நேரத்துல திறந்திருக்கணும். ஒவ்வொரு கிளைக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு (கேஸைத் திரும்பி வர விடாத வால்வு) கேட்டு வாங்குங்க. இல்லன்னா ஒண்ணைக் கழட்டும்போது மத்ததோட கேஸ் வெளிய வரும்.

படுக்கப் போடுறதை யாரு சொன்னாலும் கேக்காதீங்க. ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்கு வரும். ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 250 லிட்டர் ஆவி. பர்னர்ல ஆளுயரத்துக்கு நெருப்பு கிளம்பும். கொதிதண்ணியும் வேண்டாம்.

பதில் 3: பள்ளத்தூர் பாடி பில்டிங்

சிலிண்டர் கூடினா அதை வைக்குற பெட்டியையும் மாத்தணும் அண்ணே. கேஸ் காத்தை விட கனம், தரையோட தங்கும். பெட்டியோட கதவு வெளிப்பக்கமா திறக்கணும், டிரைவர் பக்கம் தடுப்புல ஒரு இடுக்கும் இருக்கக் கூடாது, அடித்தகட்டுல ரெண்டு மூலையிலயும் ஓட்டை வேணும். அதுக்குக் கீழ சைலன்சர் வரக் கூடாது. லீக் டிடெக்டர் வெச்சா கூரையில வேண்டாம், தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல வைங்க. சிலிண்டரை நிமிர்த்தி சங்கிலி போட்டுக் கட்டுங்க. வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்கணும்.

கண்டனூர் வண்டி

குளவிக்கூடேதான், கட்டைவிரல் பருமன். இப்ப நடு பர்னரும் நீலம். அரைமணி சோதனையிலும் தீ முழுசா வந்துடுச்சு, அதனால மேனிஃபோல்டு போடுறேன். மார்கழியிலயும் வண்டி நிக்கும். டியூப் வாயில கொசுவலை கட்டிடலாமா?

தேவகோட்டை அடுப்பு வேலை

நிரந்தரமா கட்டாதீங்க, எண்ணெய்ப் பிசுக்குல வலை அடைச்சு அதுவே காத்தை நிறுத்தும். சிவப்புத் துணியை உருட்டி அடைச்சு, நுனி வெளிய தொங்குற மாதிரி விடுங்க. பத்த வைக்குறதுக்கு முன்னால கண்ணுல படும், உருவிடலாம்.