வேலை பார்த்துக்கொண்டே ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பிஎஸ்: போனில் வீடியோ பார்த்தால் போதுமா?

பனியன்_ஊர்க்காரன்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், வயது 31, பி.காம். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பட்டப்படிப்பான டேட்டா சயின்ஸ் பிஎஸ்ஸில் சேரலாமா என்று ஆறு மாதமாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பு இல்லை, பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்து பிளஸ் டூ முடித்திருந்தால் போதும் என்பதெல்லாம் தெரியும். என் கேள்வி வேறு. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி எட்டு, ஷிப்மென்ட் சமயத்தில் பத்து. பஸ்ஸிலும் படுக்கும்போதும் போனில் வீடியோ பார்த்தே ஒப்பேற்றிவிட முடியுமா, இல்லை லேப்டாப் வாங்கியே ஆக வேண்டுமா? கூட வேலை பார்ப்பவர் "ஆன்லைன்தானே, கூகுள் பண்ணி எழுதிடலாம்" என்கிறார்.

ராத்திரி_பைத்தான்:
தம்பி, முதலில் அந்த நண்பருக்குப் பதில்: பாடம்தான் ஆன்லைன், தேர்வு ஆன்லைன் இல்லை. ஒரு டெர்முக்கு குவிஸ் 1, குவிஸ் 2, எண்ட் டெர்ம் என்று மூன்று தடவை நேரில் சென்டருக்குப் போய் உட்கார வேண்டும். சேர்வதற்கே ஒரு தகுதிச் சுற்று உண்டு. நான்கு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் அசைன்மென்ட் வைத்து, அதில் குறைந்தபட்ச மார்க் எடுத்தவர்களை மட்டும் நான்கு மணி நேரத் தேர்வுக்கு விடுவார்கள். அதையும் நேரில்தான் எழுத வேண்டும்.

நான் முதல் கட்டமான ஃபவுண்டேஷனை முடித்து இப்போது டிப்ளமோ லெவலில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. நேரக் கணக்கை நேராகவே சொல்கிறேன், ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் என்று அவர்களே சொல்கிறார்கள், அது பொய்யில்லை. வீடியோ இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், அதை பஸ்ஸில் பார்க்கலாம், நானும் சாதம் வேகும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் பார்க்கும்போது புரிந்த மாதிரி இருந்த ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) கணக்கை நோட்டில் போட உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடும். மீதி ஏழெட்டு மணி நேரம் அங்கேதான் போகிறது.

லேப்டாப் கட்டாயம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிப் பாடத்தில் நாம் எழுதும் கோடை அவர்கள் தளமே ஓட்டிப் பார்த்து மார்க் போடும். ஒரு ராத்திரி கோடு சரியா என்று பார்க்க அவர்கள் கொடுக்கும் டெஸ்ட் கேஸ்களில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பாஸ், மறைத்து வைத்திருப்பதில் மட்டும் ஃபெயில். ஒன்றரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன், கடைசியில் பார்த்தால் காலி லிஸ்ட் வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை. இதைப் போனில் தேடவே முடியாது. வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதும் புரோகிராமிங் தேர்வும் உண்டு.

பாதியில்_இறங்கியவன்:
நான் விட்டுவிட்டு வந்தவன், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபவுண்டேஷனில் மொத்தம் எட்டுப் பாடம். வருஷத்துக்கு மூன்று டெர்ம். ஒரு டெர்முக்கு நான்கு பாடம் வரை எடுக்கலாம் என்றதும் ஆசைப்பட்டு நான்கையும் எடுத்தேன். கணக்குப் போடுங்கள், வாரம் நாற்பது மணி நேரம், அதாவது இன்னொரு முழு வேலை. மூன்றாவது வாரமே பாக்கி சேர ஆரம்பித்தது, தங்கை கல்யாணம் வந்தது, ஒரு அசைன்மென்ட்டை கடைசி நாள் ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து போடும்போது கரண்ட் போனது. கல்லூரியில் என்றால் பக்கத்து பெஞ்ச்காரன் "டேய், இன்னைக்கு சப்மிட் பண்ணணும்" என்று இழுத்துவிடுவான். இங்கே நாம் பின்தங்கினால் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது, டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். படிப்பைக் குறை சொல்லவில்லை, தப்பு என்னுடையது.

பனியன்_ஊர்க்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா, பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவன் நான். கணக்கு தாங்குமா? ஆங்கிலம் வேறு சுமார்தான்.

ராத்திரி_பைத்தான்:
ஃபவுண்டேஷனில் வரும் மேத்ஸ் 1 பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்து நேர்கோடு, இருபடிச் சார்பு, லாகரிதம்தான். பழைய பாடப் புத்தகத்தை ஒரு மாதம் புரட்டினால் துரு விடும். பயப்பட வேண்டியது மேத்ஸ் 2, அப்போது பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூடேஷனல் திங்கிங் என்ற பாடம் உங்களுக்குப் பிடிக்கும், கடை பில்லையும் மார்க் அட்டையையும் அடுக்கி வைத்து எண்ணச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள், நீங்கள் தினம் பார்க்கிற சமாச்சாரம். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான், ஆனால் ஆங்கிலமே இரண்டு பாடமாக இருக்கிறது. முதல் டெர்முக்கு இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். எடுக்கிற பாடத்துக்கு மட்டும்தான் ஃபீஸ். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துச் சலுகையும் உண்டு.

மீசைக்கார_வாத்தியார்:
குறுக்கே வருகிறேன். பணம் கட்டும் முன் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் ஒரு 12 வாரப் பாடத்தில் சேர்ந்து பாருங்கள், சேர்வது இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் 1000 ரூபாய். நூறு மார்க்கில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. நிறைய பேர் நான்காவது வாரத்தோடு காணாமல் போவார்கள். நீங்கள் பன்னிரண்டாவது வாரமும் இருந்தால் பிஎஸ்ஸும் ஓடும். அப்புறம், வேறு ஏதாவது ஆன்லைன் டிகிரி என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். "ஆன்லைனில் பி.இ." என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடலாம், இன்ஜினியரிங்கை அப்படி நடத்த அனுமதியே கிடையாது.

பனியன்_ஊர்க்காரன்:
சரி சார், முதலில் என்பிடெல். தீபாவளி போனஸில் லேப்டாப். செகண்ட் ஹேண்ட் போதுமா?

பாதியில்_இறங்கியவன்:
போதும். கேமரா வேலை செய்கிறதா, பேட்டரி இரண்டு மணி நேரமாவது நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் கதை ஞாபகம் இருக்கட்டும்.