மான்டூ (டிபி தோல் ஊசி டெஸ்ட்) 14 மி.மீ., குவான்டிஃபெரான் (டிபி ரத்த டெஸ்ட்) நெகட்டிவ். அதே வீட்டில் இன்னொருவருக்கு இன்டிடர்மினேட் (முடிவு சொல்ல முடியாதது). எங்கே கோளாறு?

கொழிஞ்சாம்பாறை லேப்:

வணக்கமுங்க. ஒரே வீட்டு ஆளுக ரெண்டு பேரோட ரிப்போர்ட் இது. வீட்டுப் பெரியவருக்குச் சளியில டிபி உறுதியாகி மருந்து ஆரம்பிச்சாச்சு. மகனுக்கு 34 வயசு, மான்டூ 14 மி.மீ., குவான்டிஃபெரான் பிளஸ் நெகட்டிவ். மருமகளுக்கு 29, மான்டூ போடல. அவங்க குவான்டிஃபெரான் எண்கள்: நில் (எதுவும் சேர்க்காத ஒப்பீட்டு டியூப்) 0.06, டிபி1 0.09, டிபி2 0.10, மைட்டோஜன் 0.37. ரிப்போர்ட்ல இன்டிடர்மினேட்னு வந்திருக்கு.

மகன் சாம்பிள் சாதாரணப் பெட்டியில போச்சு. மருமகளோடது காலை 10.30க்கு எடுத்து, வேலந்தாவளம் வழியா கோயமுத்தூர் போற வண்டியில மத்த சீரம் சாம்பிளோட சேர்த்து ஐஸ் பெட்டியில போச்சு. டெங்கு, மஞ்சக்காமாலை ஆன்டிபாடி டெஸ்ட்டெல்லாம் அதே பெட்டியில போய் ஒரு குறையும் வந்ததில்ல. இதுக்கு மட்டும் ஏன் ஆகாது? மகனுக்கு எந்த டெஸ்ட்டை நம்பறது?

டி செல் வாத்தியார்:

முதல் கேள்விக்குப் பதில், டி செல் (எதிர்ப்பு சக்தி வெள்ளணு) ஆன்டிஜெனை, அதாவது கிருமியின் அடையாளப் பொருளைப் பார்க்கிற விதத்திலேயே இருக்கு தம்பி.

ஆன்டிபாடி டெஸ்ட்டில் நாம தேடறது ஏற்கெனவே ரத்தத்தில் மிதக்கிற புரதத்தை. ஆன்டிபாடி ஒரு கிருமியின் வெளி வடிவத்தை நேரா போய்ப் பிடிக்கும், உயிருள்ள செல் எதுவும் அதுக்குத் தேவையில்ல. சீரத்தை ஐஸ்ல வெச்சா இன்னும் நல்லதுதான்.

டி செல்லுக்கு முழுக் கிருமி கண்ணுக்கே தெரியாது. இன்னொரு செல் அந்தப் புரதத்தை நறுக்கி, ஒரு சின்னத் துண்டை எம்.எச்.சி. மூலக்கூறின் பள்ளத்தில் வெச்சு, தன் மேற்பரப்பில் நீட்டிக் காட்டணும். எம்.எச்.சி. முதல் வகையில் உட்காரும் துண்டு பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம், அதை சிடி8 என்ற வகை டி செல் படிக்கும். இரண்டாம் வகையில் 13 முதல் 25 வரை, பள்ளத்தின் ரெண்டு முனையும் திறந்திருக்கும் என்பதால் நீளம் கூடும். அதைப் படிப்பது சிடி4 வகை டி செல். துண்டும் எம்.எச்.சி.யும் சேர்ந்த வடிவத்தைத்தான் டி செல் ஏற்பி அடையாளம் காணும், துண்டு மட்டும் தனியா இருந்தா காணாது. 1974ல் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் சுண்டெலியில் இதைக் காட்டினாங்க, 1996ல் நோபல் பரிசு வந்தது.

உங்க டியூப்ல நடக்கிறதும் இதேதான். டிபி1, டிபி2 டியூப் உட்சுவரில் டிபி கிருமியின் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற ரெண்டு புரதங்களின் செயற்கைத் துண்டுகள் காய்ஞ்ச நிலையில் இருக்கு. ஈசாட்-6 மொத்தமே 95 அமினோ அமிலம். அதில் எந்தத் துண்டு எவர் எம்.எச்.சி.யில் உட்காரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனாலதான் பல துண்டுகளைக் கலந்து வைக்கிறாங்க. டிபி1ல் இருக்கும் நீளத் துண்டுகள் சிடி4க்கு. டிபி2ல் அதோட சிடி8க்கான குட்டைத் துண்டுகளும் உண்டு. ரத்தத்தில் வர்ற மோனோசைட் என்ற வெள்ளணு அதை எடுத்துக் காட்டணும், முன்பே அந்தத் துண்டைச் சந்திச்ச நினைவு டி செல் அதைத் தொட்டு இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் புரதத்தைக் கக்கணும், ரிப்போர்ட்ல வர்ற எண் அதோட அளவுதான். காட்டுறவரும் பார்க்கிறவரும் 37 டிகிரியில் உயிரோட வேலை செய்யணும். ஐஸ் பெட்டியில் ரெண்டு பேரும் முடங்கிடுவாங்க.

மைட்டோஜன் டியூப்ல இருக்கிறது பைட்டோஹீமக்ளூட்டினின், ஒரு அவரை வகைப் புரதம். அது டி செல் மேல இருக்கிற சர்க்கரைகளைப் பிடிச்சு, ஆன்டிஜென் எதுவும் இல்லாமலே செல்லைக் கிளப்பிவிடும். அதுக்கே 0.37தான் வந்திருக்குன்னா டிபி பத்தி இந்த ரிப்போர்ட் எதுவும் சொல்லல, செல்கள் வேலை செய்யலன்னு மட்டும் சொல்லுது. நில்லைக் கழிச்சா 0.31, குறைஞ்சது 0.5 வேணும்.

கோவை மைக்ரோ:

வாத்தியார் சொன்னது சரி. நடைமுறையை நான் சொல்றேன், கேரளா பார்டர் தாண்டி வர்ற சாம்பிள்ல வழக்கமா சொதப்புற இடங்கள் இவைதான்.

ஒவ்வொரு டியூப்லயும் 1 மி.லி., 0.8ல இருந்து 1.2 வரை பரவாயில்ல. சாம்பல் மூடி நில், பச்சை டிபி1, மஞ்சள் டிபி2, ஊதா மைட்டோஜன். ரத்தம் நிரப்பும்போது டியூப் 17 முதல் 25 டிகிரியில் இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட குத்தக்கூடாது. மார்ச், ஏப்ரல்ல பாலக்காட்டுப் பக்கம் வெயில் 40ஐத் தொடும், அப்ப வண்டி டேஷ்போர்டுலயும் வைக்கக்கூடாது. நிரப்பினதும் 10 தடவை மேலும் கீழுமா ஆட்டணும். உட்சுவர் முழுக்க ரத்தம் பூசின மாதிரி தெரியணும், ஏன்னா ஆன்டிஜென் அந்தச் சுவர்லதான் இருக்கு. மெதுவா ரெண்டு தடவை சாய்ச்சு வெச்சா துண்டுகள் கரையாது, பொய் நெகட்டிவ் வரும். குலுக்கித் தள்ளினா அடியிலுள்ள ஜெல் கலங்கி எண்கள் தாறுமாறா போகும்.

எடுத்த நேரத்திலிருந்து 16 மணி நேரத்துக்குள்ள 37 டிகிரி இன்குபேட்டருக்குள்ள போயாகணும். அதுவரை அறை வெப்பநிலைதான், ஃப்ரிட்ஜோ ஐஸோ கூடாது. உங்க 10.30 சாம்பிளுக்குக் கடைசி நேரம் விடிகாலை 2.30. சாயங்கால வண்டியில வந்து இரவு 8 மணிக்கு உள்ளே வெச்சா, மறுநாள் மதியம் 12ல இருந்து இரவு 8க்குள்ள வெளிய எடுக்கணும், அதாவது 16ல இருந்து 24 மணி நேரம். டியூப் நிமிர்ந்து நிக்கணும்.

எனக்குச் சரின்னு படற வழி, இன்குபேஷனை உங்க லேப்லயே முடிச்சு அனுப்பறது. கல்ச்சர் பிளேட் வைக்கிற சாதாரண இன்குபேட்டரே போதும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். உள்ள நல்ல தெர்மாமீட்டர் ஒண்ணு தொங்கவிட்டு 36ல இருந்து 38க்குள்ள நிக்குதான்னு ரெண்டு நாள் பாருங்க, அடிக்கடி கரன்ட் போற இடம்னா இன்வெர்ட்டர்ல போடுங்க. முடிஞ்ச டியூப் 4 முதல் 27 டிகிரியில் 3 நாள் வரை தாங்கும். அப்ப ஐஸ் பெட்டியில ஜெல் பேக்கோட அனுப்பலாம், உறைய மட்டும் விடாதீங்க. வர்ற இன்டர்ஃபெரான் புரதம்தானே, அதுக்கு உயிருள்ள செல் வேண்டாம்.

இன்குபேட்டர் வாங்க முடியலன்னா லித்தியம் ஹெப்பாரின் டியூப்ல எடுத்து 2 முதல் 8 டிகிரியில் 48 மணி நேரம் வரை வைக்கலாம். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் நாலு டியூப்புக்கும் மாத்தணும், மாத்தினதும் காக்க வைக்காம இன்குபேட் பண்ணணும். குளிர்ச்சி அனுமதி அந்த ஹெப்பாரின் டியூப்புக்கு மட்டும்தான், ஆன்டிஜென் டியூப்ல நேரா எடுத்ததுக்குக் கிடையாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் பாதித் தவறு நடக்குது.

மூணாறு மாதிரி உயரத்துல முகாம் போடறவங்களும் கவனிங்க. சாதாரண டியூப்போட வெற்றிடம் 810 மீட்டர் உயரம் வரைக்கும்தான் சரியா 1 மி.லி. இழுக்கும். அதுக்கு மேல உயர்நிலத்துக்கான டியூப் வாங்கணும், இல்லன்னா சிரிஞ்சில் எடுத்து அளந்து ஊத்தணும்.

பாலக்காடு நர்ஸ்:

மகனோட 14 மி.மீ. பத்தி நான் சொல்றேன். முதல்ல எப்படி அளந்தாங்கன்னு கேளுங்க. 0.1 மி.லி. தோலுக்குள்ளயே ஏத்தி 6 முதல் 10 மி.மீ. கொப்புளம் எழும்பியிருக்கணும். எழும்பலன்னா மருந்து தோலுக்கு அடியில போயிருக்கு, அது கணக்கில் சேராது. படிக்கிறது 48ல இருந்து 72 மணிக்குள்ள. சிவப்பை அளக்கக்கூடாது, தடிப்பை மட்டும். பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவா இழுத்தா விளிம்பில் தடுக்கி நிக்கும், எதிர்ப்பக்கமும் அப்படியே. கையின் குறுக்குவாட்டில் அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் எண். தடிப்பு இல்லன்னா 0 மி.மீ.ன்னு எழுதணும், வெறும் நெகட்டிவ்னு எழுதக்கூடாது. குப்பியில எத்தனை டி.யூ. (டியூபர்குலின் யூனிட்)ன்னும் குறிச்சு வைங்க. ஆர்.டி.23 வகை மருந்துன்னா 2 டி.யூ.தான் சரி. 10 டி.யூ. போட்டுட்டு 10 மி.மீ. வந்தா பாசிட்டிவ்ங்கற அளவுகோலை வெச்சுப் பார்த்தா அர்த்தமில்ல.

ரெண்டு நாள் ஆகக் காரணம், தோலில் அந்த நினைவு டி செல்கள் முன்கூட்டியே காத்திருக்கிறதில்ல. ரத்தத்திலிருந்து வந்து, துண்டைப் பார்த்து, இன்டர்ஃபெரான் விட்டு, மேக்ரோஃபேஜ்களை (கிருமியை விழுங்கும் செல்களை) கூப்பிடணும். அந்தக் கூட்டமும் ஃபைப்ரினும் சேர்ந்ததுதான் விரலில் தட்டுப்படற கடினம். சிவப்பு வெறும் ரத்தக்குழாய் விரிவு.

மான்டூவில் ஏத்துற மருந்தான பிபிடி என்பது நூத்துக்கணக்கான மைக்கோபாக்டீரியப் புரதங்களின் கலவை. அதில் பலது பிசிஜி தடுப்பூசியிலும் மண்ணு, தண்ணியிலுள்ள மைக்கோபாக்டீரியாவிலும் உண்டு. ஈசாட்-6ம் சிஎஃப்பி-10ம் பிசிஜியில கிடையாது, அந்த மரபணுப் பகுதி பிசிஜி உருவானபோதே உதிர்ந்துபோச்சு. எல்லாரும் உடனே பிசிஜி மேல பழி போடுவாங்க, ஆனா பிறந்தவுடன் போட்ட ஊசியின் மான்டூ தாக்கம் 10 வருஷத்துக்குமேல பெரும்பாலும் மங்கிடும். 34 வயசுக்காரருக்கு அது காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. சூழல் மைக்கோபாக்டீரியா நம்ம தென்னாட்டில் தாராளம், 1968ல் தொடங்கின செங்கல்பட்டு பிசிஜி ஆய்விலேயே அது பேசப்பட்டது.

ஆனா வீட்டிலேயே சளி பாசிட்டிவ் ஆள் இருக்கும்போது 14ஐ ஒதுக்கித் தள்ளாதீங்க. முதல்ல இருமல், காய்ச்சல், எடை குறைவு கேட்டு, மார்பு எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லன்னு உறுதி பண்ணணும். இந்த ரெண்டு டெஸ்ட்டுமே தொற்றையும் நோயையும் பிரிச்சுக் காட்டாது. குவான்டிஃபெரான் நெகட்டிவ், தொற்றின புதுசுலயும் வரலாம், டி செல் பெருக 2ல இருந்து 8 வாரம் ஆகும். தடுப்பு மருந்து பத்தி இப்பவே டாக்டர்கிட்ட பேசணும். வீட்ல 5 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா டெஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நோய் இல்லன்னு உறுதியானதும் தடுப்பு மருந்துக்கு உரியவங்க.

2022ல் இந்தியாவில் அனுமதி கிடைச்ச சைடிபி தோல் ஊசியும் இந்த ரெண்டு புரதங்களை மட்டும் வெச்சுதான் செய்யறாங்க. 5 மி.மீ. தடிப்பு வந்தா பாசிட்டிவ். ரத்தத்தைப் பார்டர் தாண்டி அனுப்பற தலைவலியே இல்ல.

கொழிஞ்சாம்பாறை லேப்:

ரொம்ப நன்றிங்க அக்கா, வாத்தியார், கோவை சார். ஒண்ணு விட்டுப்போச்சு, மருமகள் ஆஸ்துமாவுக்குத் தினம் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) 20 மி.கி. ஒன்றரை மாசமா எடுக்கறாங்க. அப்ப காரணம் ஐஸா, மாத்திரையா? இன்னொண்ணு, இன்டர்ஃபெரான் எண் பெருசா வந்தா எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குன்னு அர்த்தமா?

டி செல் வாத்தியார்:

ரெண்டுமே மைட்டோஜனை இறக்கும். ஐஸ் இல்லாம, நேரம் தவறாம மறுபடி எடுங்க. அப்பவும் 0.5க்குக் கீழே போனா மாத்திரைதான் காரணமா இருக்கும், மூணாவது தடவை எடுத்துப் பிரயோசனமில்ல. அவங்களுக்கு மான்டூ போட்டா அளவுகோல் 5 மி.மீ., தினம் 15 மி.கி.க்கு மேல ஒரு மாசம் தாண்டிட்டாங்க. மறு ரத்தத்தை மான்டூவுக்கு முன்ன, இல்லன்னா அதே நாள் எடுங்க. மான்டூ போட்டு மூணு நாள் கழிச்சா அந்தப் பிபிடியே குவான்டிஃபெரான் எண்ணைத் தூக்கிவிடலாம்.

எண் பெருசுன்னா காப்புன்னு அர்த்தமில்ல. டி செல் துண்டைப் பார்ப்பது முதல் சைகை மட்டும்தான். காட்டுற செல்லின் பி7, டி செல்லின் சிடி28ஐத் தொடுவது இரண்டாவது. அது இல்லாம முதல் சைகை மட்டும் கிடைச்சா, புது டி செல் செயலிழந்து உட்கார்ந்துடும். மூணாவது சைகை அந்த நேரத்து சைட்டோகைன், அதாவது செல்கள் விடற சைகைப் புரதம். ஐஎல்-12 என்ற சைட்டோகைன் இருந்தா டிஎச்1 என்ற வகை டி செல் ஆகி இன்டர்ஃபெரான் சுரந்து மேக்ரோஃபேஜை முடுக்கும், ஐஎல்-4 இருந்தா டிஎச்2 என்ற வகைப் பக்கம் போகும்.

தொழுநோயில் இது தோலிலேயே தெரியும். அதே கிருமி, ஆனா டிஎச்1 ஓங்கினவங்களுக்கு உணர்ச்சியில்லாத ஒண்ணு ரெண்டு படை, கிருமி அரிதாத்தான் கிடைக்கும். டிஎச்2 பக்கம் சாய்ஞ்சவங்களுக்கு ஆன்டிபாடி ஏராளம், தோல் முழுக்கக் கிருமியும் ஏராளம்.

டிபியில் டிஎச்1 அவசியம். ஐஎல்-12 அல்லது இன்டர்ஃபெரான் காமா ஏற்பியில் பிறவிக் குறை இருக்கிற குழந்தைக்குப் பிசிஜியே உடம்பெல்லாம் பரவிடும். ஆனா டிஎச்1 மட்டும் போதாது, டிபி முற்றினவங்களுக்கும் குவான்டிஃபெரான் பாசிட்டிவ் வருது. குவான்டிஃபெரான் பாசிட்டிவ்னு சொல்ற 0.35 என்பது இந்தத் துண்டை டி செல் முன்பே பார்த்திருக்குன்னு சொல்ற கோடு மட்டும். 0.2க்கும் 0.7க்கும் நடுவுல வந்தா, முடிவெடுக்கிறதுக்கு முன்ன இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க.